குழி விழுந்த மஃபின்

"இன்னொரு வாட்டி ஓவன் கதவைத் தொறந்தீங்கன்னா, உங்க கையையும் உள்ள வெச்சு சுட்டுடுவேன்" என்றாள் தையல்காரி.

புருஷன் பிடிதுணியோடு நின்றார். முப்பது வருஷம் ஆலை வாசலில் காவல் இருந்தவர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எதையாவது எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

பகலெல்லாம் மிஷின் மிதித்து இடுப்பு விட்டுப்போகும் அவளுக்கு. அதற்கு மேல் சாயங்காலம் ஸ்ட்ராபெர்ரி நறுக்கி, மாவில் புரட்டி, பன்னிரண்டு மஃபின் சுட்டு டீக்கடைக்குக் கொடுப்பாள். பாதி வேகும்போது கதவைத் திறந்தால் நடுவில் குழி விழுந்துவிடும். இன்றைக்கும் விழுந்துவிட்டது.

"இன்னொரு தடவை குழியோட வந்தா வேணாம்க்கான்னு கடைக்காரர் காலையிலதான் சொன்னாரு. உங்களுக்கு அப்படி என்ன அவசரம்?"

"உள்ள கும்மிருட்டு. கருகுதா வேகுதான்னு யாருக்குத் தெரியும்? போன வாரம் நீ நாற்காலியிலயே அசந்து தூங்கிட்ட. தட்டு பூரா கரிக்கட்டை. அன்னையிலேர்ந்துதான் நான் காவல் இருக்கேன்."

மனுஷன் எட்டிப் பார்த்தது அவளைத் தூங்கவிடத்தான். ஆளுக்கொன்றாகக் குழி மஃபினைத் தின்றார்கள். ருசியில் ஒரு குறையும் இல்லை.

"நாளைக்குக் கதவுக் கண்ணாடி வழியாவே பாருங்க" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும், காலை இழுத்து இழுத்து மின்சாமான் கடைக்குப் போய், ஓவனுக்குள் எரியும் குட்டி பல்பு ஒன்று வாங்கினாள். மூன்று நாள் மஃபின் விற்ற காசு அதற்கே போய்விட்டது.