அனுமதி கேட்காமல் கட்டிய அட்டை அரண்மனை

மஸ்கெலியாவில் எங்கள் தேவாலயக் கண்காட்சிக்கு, என்னோடு படிப்பிக்கும் செல்வி டீச்சர் ஒரு டிவி தொடரின் பாத்திரங்களைப் பொம்மைகளாகச் செய்து வைத்திருந்தார். தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் அங்கேயே நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மறு வருடம் அதே தொடரின் அரண்மனையை அட்டையில் ஆளுயரத்துக்குக் கட்டினேன். உச்சியில் சேனலின் லோகோவை ஒட்டினேன். நாயகியின் படம் போட்ட கீ டேக்குகளையும் விற்றேன். யாரோ அதைப் பேஸ்புக்கில் போட, மதியமே சேனலிலிருந்து அழைப்பு வந்தது.

"யாருகிட்ட அனுமதி வாங்குனீங்க? உடனே எடுக்கலைன்னா வழக்குப் போடுவோம்."

வேறு வழியில்லாமல் செல்வி டீச்சரிடமே ஓடினேன்.

"நான் மொதல்லயே ஈமெயில்ல கேட்டுட்டுத்தான் பொம்மைங்கள செஞ்சேன் டீச்சர். லோகோ போடக்கூடாது, எதையும் விக்கக்கூடாதுன்னாங்க. நீங்க என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

கேட்க மனம் வந்தால்தானே!

அவரே சேனலுக்குப் பேசினார். லோகோவையும் கீ டேக்குகளையும் அகற்றியதும் விட்டுவிட்டார்கள்.

இப்போது அட்டையை வெட்டும் முன்பே எழுத்தில் அனுமதி கேட்கிறேன். இந்த வருடம் எனக்குக் கிடைத்துவிட்டது. சொன்னதும் செல்வி டீச்சரின் முகம் லேசாக வாடியது.

"அப்படியா? எனக்கு இன்னும் பதில் வரலையே."

உண்மையைச் சொன்னால், அனுமதியைவிட அதுதான் எனக்கு இனித்தது.