எதிர்க்கடை சூப்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில், ஊரே குப்புறப் படுத்துத் தூங்கும் நேரத்தில், சாப்பிட இரண்டே இடங்கள் இருக்கின்றன. இடது கைப்பக்கம் வாணலிக்காரர் கடை. வலது கைப்பக்கம் எதிர்க்கடை. இரண்டில் எது தேவலாம் என்று வாணலிக்காரரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சோறு வரத் தாமதமாகும், வரும்போது ஆறியிருக்கும், அதுவரை எதிர்க்கடையின் எண்ணெய், எதிர்க்கடையின் நாற்காலி, எதிர்க்கடைக்காரன் தலைவாரும் லட்சணம் எல்லாவற்றையும் பற்றிக் காதுகொடுத்துத்தான் ஆகவேண்டும்.

வாணலிக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. இப்போது அதை மின்சார வாரியம் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர். இரும்பு வாணலியைத் தூக்கித் தூக்கிப் போட்டதில் வலது தோள் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரையோ எட்டிப்பார்க்கிறவர் போலவே நிற்பார். கிட்டே போய்ப் பார்த்தாலும் அப்படித்தான்.

பகலில் பூட்டுக்குச் சாவி போடுகிறவர் உட்காரும் இடம், இருட்டியதும் இவருடையதாகிவிடும். ஓர் அடுப்பு, நீளமான மேசை, பெஞ்சுகள், ஓரத்தில் டீ பாய்லர், அதன் பின்னால் மனைவி. முட்டை போட்டு வறுத்த சோறு, ஆம்லெட், ரொட்டி, டீ. அவ்வளவுதான் சாப்பாட்டுப் பட்டியல். நைட் டியூட்டி நர்சுகள், உள்ளே யாரையோ படுக்கவைத்துவிட்டு வெளியே உட்காரவும் நிற்கவும் தெரியாமல் அலைகிற சொந்தக்காரர்கள், டாக்சிக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் கதி.

பொறாமை வாணலிக்காரருக்குப் புது வியாதி அல்ல. டீ பாய்லரைச் சுற்றி நிற்கும் கூட்டம் அடுப்பைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகமானால், கட்டிய மனைவியின் மேலேயே அவருக்கு வயிறு எரியும். "உன் டீக்கு என்ன அப்படியொரு கூட்டம்?" என்பார். "நம்ம சோத்தைத் தின்னுட்டு விக்கல் எடுத்து வர்றாங்க" என்பார் மனைவி.

அப்படிப்பட்டவருக்கு நேரெதிரே ஒருவன் கடை போட்டால் என்ன ஆகும்? அதுவும் சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலிகளோடு, பால்போன்ற வெள்ளை விளக்கோடு, சூப்போடு! "சூப்பாம்ல சூப்பு. உள்ள படுத்திருக்கவனுக்குத்தான் டாக்டர் சூப்பு கொடுக்கச் சொல்வாரு. நடமாடுறவனுக்கு எதுக்கு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். தெரு கேட்டுக்கொண்டது. கேட்டுவிட்டுச் சூப் குடிக்கப் போனது.

நர்சுகள் போனார்கள், பொறுத்துக்கொண்டார். டாக்சிக்காரர்கள் போனார்கள், அவர்களுக்கு நாக்கே கிடையாது என்று தீர்ப்பு எழுதினார். ஒரு நாள் ஆம்புலன்ஸ்காரரும் போனார். அப்போதுதான் அவருடைய காதில் உண்மையாகவே புகை வந்தது.

ஆம்புலன்ஸ்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு, கைகால் கழுவிவிட்டு, எல்லோரும் போனபிறகு கடைசி ஆளாக வருவார். அதிகம் பேசமாட்டார். வாணலிக்காரர்தான் பேசுவார், அவர் கேட்பார். கேட்பதற்கென்றே பிறந்த முகம். வாணலிக்காரருக்கு உலகத்தில் சிநேகிதன் என்று ஒருவன் உண்டென்றால் இவர்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஈடு இறக்கியபின் வாணலியின் அடியில் பொன்னிறமும் கறுப்புமாக ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தல், சமைத்தவனுக்குச் சொந்தம். அன்றைய உப்பு, முட்டை, மிளகு அத்தனையும் இறங்கிக் கிடப்பது அங்கேதான். முதலாளியே வந்தாலும் அதைத் தொடமாட்டான். அந்தக் காந்தலை வாணலிக்காரர் பல வருடங்களாகச் சுரண்டி எடுத்து ஆம்புலன்ஸ்காரர் தட்டில்தான் வைத்துவந்தார். மனைவிக்குக்கூடக் கொடுத்ததில்லை. முதல்நாள் அதைத் தின்றுவிட்டு அவர் "பிரமாதம்ண்ணே" என்று சொன்ன சொல் இன்னும் வாணலிக்காரர் நெஞ்சில் சூடு ஆறாமல் கிடந்தது.

அந்த மனிதர்தான் இப்போது எதிரே, முதுகு வைத்த நாற்காலியில், இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அவரா அது?" என்றார் வாணலிக்காரர்.

"இல்ல, அவரு சட்டை மட்டும் வந்து உக்காந்திருக்கு" என்றார் மனைவி.

"ஏதாவது வேலையா போயிருப்பாரு."

"ஆமா. கையில ஸ்பூன் இருக்கு. பெரிய வேலைதான்."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். போகும்போது இந்தப் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் மாதிரி ஒரு கும்பிடு வேறு. வாணலிக்காரருக்கு வேலை ஓடவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஓர் ஆம்லெட் கரிந்தது. அதைக் கேட்டிருந்தவர் பணத்தைக் கொடுக்காமல் எழுந்து போனார். எங்கே போனார் என்று சொல்லவேண்டியதில்லை.

"எங்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்கு?" என்று மனைவியிடம் புலம்பினார்.

"ஏங்க, நான் வேற எவன்கூடயோ ஓடிப்போயிருந்தாக்கூட நீங்க இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டீங்க."

"நீ போனா திரும்பி வந்துருவ. அவரு வருவாரா?"

அந்தக் காதல் வசனத்துக்குப் பதிலாக மனைவி பாய்லரின் குழாயைக் கொஞ்சம் ஓங்கி மூடினார்.

நான்காம் நாள், காந்தலைச் சுரண்டித் தட்டில் வைத்துப் பார்த்தார் வாணலிக்காரர். தின்ன மனம் வரவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. தட்டைக் கையில் ஏந்தியபடி, கை துடைக்க இடுப்பில் கட்டியிருந்த துணியோடு தெருவைக் கடந்தார்.

"வாங்கண்ணே, வாங்க! உக்காருங்க. சூப்பு சாப்பிடுறீங்களா?" என்று எதிர்க்கடைக்காரன் ஓடிவந்தான். அந்த மரியாதை வாணலிக்காரருக்கு இன்னும் எரிச்சலூட்டியது. கெட்டவனாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

"உன் கடைக்கு வரல. இவரைப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, தட்டை ஆம்புலன்ஸ்காரர் முன்னால் டக்கென்று வைத்தார். "தம்பி, நான் என்ன குறை வச்சேன்? அதை மட்டும் சொல்லுங்க."

ஆம்புலன்ஸ்காரர் தட்டைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இங்கயும் கொண்டுவந்துட்டீங்களா அண்ணே?"

"என்னது?"

"தப்பா நினைக்காதீங்க. கடைசியா வர்றவனுக்கு அடியில கிடக்கறதுதான் கிடைக்கும். அது எனக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்ல. ஆனா போன வாரம் கடைவாய்ப் பல்லு ஒண்ணு போயிருச்சு. இந்தப் பக்கமும் ஆடுது. அதான், மெல்ல வேண்டாத எதையாவது குடிச்சுக்கலாம்னு..."

வாணலிக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எதிர்க்கடைக்காரன்தான் பதறிப்போனான். "அண்ணே, என்ன சொல்றீங்க? காந்தலையா? சமைக்கிறவன் பங்குண்ணே அது! எங்க சமையல்காரன் எனக்கே தரமாட்டான். நான் கேட்டா கரண்டியைத் தூக்குவான்."

ஆம்புலன்ஸ்காரர் இவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருஷமா...?"

"பிரமாதம்னீங்களே!" என்றார் வாணலிக்காரர், அழுகிற குரலில்.

"ஓசில ஒருத்தர் பிரியமா வச்சா வேற என்னண்ணே சொல்றது?"

"மிச்சத்தைப் போடுறான்னு நினைச்சுக்கிட்டா தினமும் வந்தீங்க?"

"சாப்பாட்டுக்கா வந்தேன்? எங்க வண்டியில ஏறுறவங்க யாரும் பேசமாட்டாங்க. பேசினாலும் முனகல்தான். உங்ககிட்ட வந்தா நீங்க வாயை மூடமாட்டீங்க. அதுக்குத்தான்."

எதிர்க்கடைக்காரன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டான். வாணலிக்காரர் உட்கார்ந்தார். முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது. அதற்காகவும் அவனை மன்னிக்க முடியவில்லை. தன் உயிர்ச் சிநேகிதனின் பல்லைத் தானே கழற்றியிருக்கிறோம் என்பது ஒரு பக்கம்; காந்தல் மிச்சமல்ல, தன் பங்கு என்ற உண்மை இந்தப் பயலின் விளக்கு வெளிச்சத்தில், இந்தப் பயலின் வாயாலேயே வெளியே வந்தது என்பது இன்னொரு பக்கம். எது அதிகமாக எரிந்தது என்று அவரைக் கேட்டால் நேர்மையாகச் சொல்லமாட்டார்.

"நாளைக்கு நம்ம கடைக்கு வாங்க" என்றார். "குழைய ஒரு கஞ்சி வச்சுத் தர்றேன். சுடச்சுட."

"வர்றேன்ண்ணே."

"இங்க?"

"இங்கயும் வருவேன். பொய் சொல்லக்கூடாதுல்ல? சூப்பு நல்லாத்தான் இருக்கு."

வாணலிக்காரர் அதை மருந்துபோல விழுங்கினார். எழுந்து தெருவில் இறங்கியவருக்கு ஆம்புலன்ஸ்காரரும் துணையாக வந்தார். பாதித் தெருவில் வாணலிக்காரர் நின்றார். கேட்கக்கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தார்.

"நெசமா எப்படித்தான் இருக்கு, அந்தச் சூப்பு?"

ஆம்புலன்ஸ்காரர் அவர் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தார். அடிபட்டவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். பின்னால் திரும்பி, எதிர்க்கடைக்காரன் காதுக்கு எட்டாத தூரம்தான் என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உப்பு கொஞ்சம் கம்மிதான்ண்ணே."

கடைக்கு வந்ததும் வராததுமாக வாணலிக்காரர் இதை மனைவியிடம் ஒப்பித்தார். "அந்தத் தம்பி உங்க மனசுக்காகச் சொல்லியிருக்கு" என்றார் மனைவி. இருக்கலாம். ஆனாலும் அன்றிலிருந்து அந்தத் தெருவில் யார் டீ குடிக்க உட்கார்ந்தாலும், வாணலிக்காரர் பக்கத்தில் வந்து நின்று, தோளைச் சரித்து, எதிர்க்கடையில் சூப் குடித்ததுண்டா என்று விசாரிக்கிறார். குடித்ததில்லை என்றால் அவரே அனுப்பிவைக்கிறார். "போய்க் குடிச்சுப் பாத்துட்டு வாங்க. உப்பை மட்டும் கவனிச்சுச் சொல்லுங்க."

அவர் புண்ணியத்தில் எதிர்க்கடையில் இப்போது உட்கார இடமில்லை.