காட்சி நான்கு: பையை வைத்துவிட்டு ஓடு

பொது இடத்தில் படம் பிடிக்க எழுத்தில் அனுமதி கேட்டால், பதினான்கு நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அரச சேவையில் தலை நரைத்த எனக்கு இது தெரியாததா?

கொழும்பில் ரயில்களில் குண்டு வெடித்த யுத்த காலம். பேத்தி அபியின் வகுப்பு, தங்களுக்குப் பிடித்த சிறுவர் நாவலொன்றைச் செயற்றிட்டமாகப் படமெடுக்கத் தீர்மானித்தது. விண்ணப்பத்தை நானே எழுதி அனுப்பினேன். பதினான்கு நாட்கள் கழிந்தும் பதில் இல்லை. "ஆட்சேபனை இல்லையெண்டுதான் அர்த்தம், போங்கோ," என்றேன். போதாததற்கு, எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி எடுத்துப் போகவும் சொன்னேன்.

வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் பொலிஸார் அபியைப் பிடித்தபோது அவள் கையிலிருந்த தாளில், 'காட்சி நான்கு: பையை வை. ரயில் வருகிறது. ஓடு' என்றிருந்தது. கீழே நிலையத்தின் வரைபடம், என் அறிவுரைப்படி அளவுகளுடன்.

பொலிஸ் நிலையத்தில் நான் விதியை விளக்கினேன். பொறுப்பதிகாரியோ அவளை மேல் விசாரணைக்கு அனுப்பக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஓடி நாவலை எடுத்து வந்தேன். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் கடைசி அத்தியாயத்தை வாசித்தார்.

"பையில இருக்கிறது பூனைக்குட்டியோ ஐயா?"

"ஓம் தம்பி, அவ்வளவுதான்."

அவர் சிரித்தபடி அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கடிதத்தைக் கிழித்தார்.

வெளியே வந்ததும் அபி, "அம்மப்பா, இனி எனக்கு ஒழுங்குமுறை ஒண்டும் சொல்லித் தராதேங்கோ," என்றாள்.

சொல்வதில்லை. கையில் அனுமதி இல்லாமல் யாரையும் அனுப்புவதுமில்லை. மிச்சக் காட்சிகளைப் பாடசாலை முற்றத்திலேயே எடுத்து முடித்தார்கள்.

அனுமதிக் கடிதம் வந்தது, மறு வருடம் தைப்பொங்கலுக்கு முதல் நாள்.