நேற்றைய ‘போகலாம்’

சித்தி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஊர்க்காரர்களுக்காக நான் செய்து வைத்திருந்த காற்று, அலை நிலவரப் பக்கம் திரையில் திறந்திருந்தது. அதில் பச்சை எழுத்தில் ‘கடலுக்குப் போகலாம்’ என்று இருந்தது.

“இன்னா எழுதி வச்சிகிறே பாரு. இதப் பாத்துட்டுதானே உங்க சித்தப்பா போனாரு?”

அன்று காலை பழவேற்காடு முகத்துவாரத்தில் அலை தூக்கியடித்து எங்கள் ஊர்ப் படகு ஒன்று கவிழ்ந்துவிட்டது. சித்தப்பாவோடு சேர்த்து அதிலிருந்த நான்கு பேரும் எப்படியோ கரையேறினார்கள். வலை போய்விட்டது. படகின் விளிம்பு அடித்ததில் சித்தப்பாவின் வலது கை முறிந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, சித்தி நேராக என்னிடம் வந்திருந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காற்று எச்சரிக்கை வந்ததும் முதல் நாள் மாலையே ‘போக வேண்டாம்’ என்று மாற்றியிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். சிவப்பு எழுத்து, இரண்டு நாள் எச்சரிக்கை, எல்லாம் சரியாக இருந்தது.

சித்தி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இப்ப மாத்தி வச்சிட்டு எனுக்குக் காட்றியா?”

வாசலில் நின்றிருந்த நைனா, என் அப்பா, லேப்டாப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அவரும் நம்பவில்லை என்று அதிலேயே தெரிந்தது. சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வெப்சைட் வேலை பார்க்கிறவள் நான். சொந்த ஊரில், சொந்த வீட்டில், செய்த தப்பை மறைக்கிற பொய்க்காரியாக நின்றேன்.

சித்தியின் போனில் வந்த பக்கத்தையே லேப்டாப்பில் வரவழைத்து, அதன் ஹெடர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தோடும் சர்வர் கண்ணுக்குத் தெரியாத சில வரிகளை அனுப்பும். இந்தப் பக்கத்தின் நகலை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி சொல்லும். எண்பத்தாறாயிரத்து நானூறு வினாடி என்று இருந்தது. முழுதாக ஒரு நாள்.

நான் அப்படி எழுதவில்லை. ‘.html’ என்று முடிகிற எந்தப் பக்கத்தையும் சேமிக்கக் கூடாது என்றுதான் என் அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தேன். பக்கத்தை வைத்திருக்கும் கிளவுட் நிறுவனம், முகவரிகளை அழகாக்குகிறேன் என்று எல்லாவற்றிலிருந்தும் அந்த வாலை வெட்டிவிட்டது. வால் போனதும் என் விதி எதற்கும் பொருந்தவில்லை. விதி இல்லாத பக்கங்களுக்கு அவர்களாகவே ஒரு நாள் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய சர்வர் பழைய நகலை ஊருக்குக் கொடுத்தது. கொடுக்கும்போதே, இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள் என்று போனுக்கும் சொல்லி அனுப்பியது. அதற்கு முந்தைய பத்து நாளும் ‘போகலாம்’ என்றே இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதினேன்.

“உங்கள் பிரவுசரின் கேஷை, அதாவது அது சேமித்து வைத்திருக்கும் நகல்களை, அழித்துவிட்டுப் பாருங்கள்” என்று பதில் வந்தது.

“என் பிரவுசர் இல்லை. ஊரில் வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது. ஒவ்வொரு வீடாகப் போய் அழிக்கவா?”

“இருபத்து நான்கு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். முகவரி மாற்றத்தை எங்கள் அறிவிப்புப் பக்கத்தில் முன்பே வெளியிட்டிருக்கிறோம்.”

தானாகச் சரியாகிவிடுமாம்! மறுநாள் காலையும் எச்சரிக்கை இருந்தது. அதற்குள் இன்னொரு படகு போனால்? ஒருவர் கை முறிந்திருக்கிறது என்று எழுதினேன். வருந்துகிறோம் என்று ஒரு வரி வந்தது, கூடவே அவர்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பேன் என்ற கேள்வியும்.

என் மேலும் கோபம் வந்தது. பக்கத்தைச் செய்கிறவர்கள் சரிபார்ப்பதற்கென்று நிறுவனம் தனியாகத் தரும், எப்போதும் புதியதையே காட்டும் முகவரியில்தான் தினமும் பார்த்து வந்திருக்கிறேன். ஊர் எதைப் பார்க்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

விதியைத் திருத்தினேன். அவர்கள் சர்வரிலிருந்த நகலை அழித்தேன். ஆனால் போன்களுக்குள் உட்கார்ந்திருக்கும் நகலை இங்கிருந்து எடுக்க வழியில்லை. அதனால் பக்கத்தையே புதிய முகவரிக்கு மாற்றி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதுவும் போதாது என்று பட்டது. கோயில் மைக்கைக் கேட்டு வாங்கிச் சொன்னேன்.

“நாளைக்கும் கடலுக்குப் போகக் கூடாது. பழைய லிங்க்ல பச்சையா காட்டும், நம்பாதீங்க. நான் நேத்தே மாத்திட்டேன். அத வச்சிகிற கம்பெனி சர்வர் பழசையே குடுத்துகினு இருந்துது.”

கடைசி இரண்டு வரியும் அறிவிப்புக்குத் தேவையில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறகு சித்தி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கிடந்த சித்தப்பாவிடம், எந்தப் பக்கம் எந்த நேரத்தில் மாறியது என்ற பதிவைக் காட்டினேன். முதல் நாள் மாலை நான்கு மணி என்று அதில் இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார்.

“பொண்ணு சரியாத்தான் போட்டுகிது. உடு” என்றார் சித்தியிடம்.

சித்தி என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. “அவனுங்கள இன்னா பண்ணப் போறே?” என்று மட்டும் கேட்டாள்.

பண்ணுவதற்கு என்ன இருக்கிறது? அந்த வாரமே பக்கத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றினேன். பக்கத்தின் உச்சியில் தேதியையும் நேரத்தையும் பெரிதாகப் போட்டேன். இப்போது மாலையில் மாற்றியதும் ஐந்து வீட்டுப் போன்களில் திறந்து பார்த்த பிறகுதான் லேப்டாப்பை மூடுகிறேன். அந்த நிறுவனத்திலிருந்து நட்சத்திரம் கேட்டு இன்னும் மெயில் வருகிறது. ஒரு முறைகூட நான் பதில் எழுதவில்லை.