தோப்படித் தெருவில் கட்சி முறை

கட்சி உடைந்துவிட்டது என்ற செய்தி தோப்படித் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது மாலை மணி நாலரை. எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். டீக்கடை ரேடியோவில் கேட்ட கையோடு குஞ்சிதபாதம் ஓடி வந்தார். மருதையன் வாய்க்கால் மடையில் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

“மச்சான், கட்சி ரெண்டாப் போயிடுச்சு.”

“ரெண்டும் நம்ம ஊருக்கு வருமா?”

“வந்துடுச்சே. உலகநாதன் பழைய கட்சியிலேயே இருக்காராம். துரைராசு புதுக்கட்சிக்குப் போயிட்டாராம். ஒரே பெஞ்சில உக்காந்து டீ குடிச்சவங்க, மத்தியானத்துலேருந்து ஆளுக்கொரு கடை.”

மருதையன் ஒரு மடையை மண் போட்டு அடைத்தார். பக்கத்து மடையைத் திறந்துவிட்டார். மேலத்தெருவில் பலர் இழவு வீட்டுக்காரர்கள் போல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், அவர் மட்டும் மீசைக்கடியில் சிரித்தபடி காலைக் கழுவிக்கொண்டு கரையேறினார்.

வாய்க்காலில் தண்ணீர் முறை பார்ப்பது அவர் தொழில். எந்த வயலுக்கு எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை தண்ணீர் என்பது அவர் தலைக்குள் இருந்தது, வேறெங்கும் எழுதிவைக்கப்படவில்லை. மடையில் இரண்டு சாகுபடிக்காரர்கள் கைகலப்பு வரை வந்துவிட்டால் ஒருவரை வேப்பமரத்துக்குப் பின்னால் அழைத்துப்போய், உங்களுக்கு மட்டும் அரைமணி கூட விடுகிறேன், வெளியே சொல்லாதீர்கள் என்பார். பிறகு மற்றவரை அழைத்துப்போய் அதையே சொல்வார். இருவரும் ஜெயித்த முகத்தோடு வீடு திரும்புவார்கள். தண்ணீர் எப்போதும்போல் பாயும்.

தோப்படித் தெரு வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தது. முப்பத்திரண்டு வீடு, எல்லாம் கூலி வேலைக் குடும்பங்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் குடியிருப்பு மனைக்குப் பட்டா கிடைத்திருந்தது. காலுக்கடியில் இருந்த மண் சொந்தமாகிவிட்டது. அந்த மண்ணுக்கு வந்துசேர வழிதான் இல்லை. அறுப்புக்கூலித் தகராறில் தெரு செங்கொடிச் சங்கத்தோடு நின்றதால், பண்ணை தன் வரப்பு வழியை முள் வெட்டிப்போட்டு அடைத்திருந்தது. மிஞ்சியது வாய்க்கால் மேல் கிடந்த இரண்டு பனங்கட்டைகள். மழைக்காலத்தில் அவற்றின்மேல் காகம்கூட யோசித்துத்தான் உட்காரும்.

மருதையனின் மனைவி எல்லையம்மாளுக்கு மூன்று வருஷத்துக்கு முன் ஜன்னி கண்டது. நாலு பேர் கட்டிலில் தூக்கி வந்தார்கள். கட்டையில் கட்டில் போகாது. இரண்டு மைல் சுற்றி, கீழே இருந்த சட்ரஸ் மதகின் மேல்பாதை வழியாகத் திருவிடைமருதூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கட்டிலை இறக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு, தாசில்தார் ஆபீசில் வருஷத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து மனு வாங்கும் ஜமாபந்தியில் அவர் மூன்று தடவை பாலம் கேட்டு மனுக் கொடுத்தார். செங்கொடித் தெருவுக்குப் பாலம் போட்டு யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வி எல்லா மேசையிலும் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அவர் மகள் செவ்வந்தி கும்பகோணத்தில் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அவள் மாமியார் கண்ணாத்தாள் பாத்திரப் பட்டறைக்காரர் வீட்டுப் பெண்மணி. பேச்சில் மிச்சம் வைக்காதவள். கட்டை மேல் கூத்தாடிப் போகிற வீட்டுக்கு வயிற்றுப் பிள்ளைக்காரியை அனுப்பமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். தாயில்லாப் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குக்கூட அழைக்க வக்கில்லாதவன் என்ற பெயர் மருதையனுக்கு வரவிருந்தது. தை மாதம் வரைதான் கெடு.

மறுநாள் சாயங்காலம் தெருவைக் கூட்டினார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பதினாறு வீடு பழைய கட்சி, பதினாறு வீடு புதுக்கட்சி. வெளியாள் பார்வைக்கு ஒருவருக்கொருவர் பரம விரோதி. யார் வந்தாலும் இன்னொருவன் என்ன தந்தான் என்பதை மட்டும் சொல்லவேண்டும். ஒவ்வொரு அமாவாசைக்கும் முறை மாறும். இந்தப் பக்கத்து வீடுகள் அந்தப் பக்கம் போகும். ஒரே வயலுக்கே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் பயிர் அழுகிப்போகும் என்றார்.

சங்கத்து ஆளான வீரையன் நெடுநேரம் தாடையைத் தடவினார். பிறகு, கொடி எதுவானாலும் அறுப்புக்கூலி கேட்கும்போது முப்பத்திரண்டு வீடும் ஒன்றாக நிற்கவேண்டும் என்று நிபந்தனை வைத்துச் சம்மதித்தார். சண்டைக்கும் விதி உண்டு: கை நீட்டக் கூடாது, செத்தவர்களை இழுக்கக் கூடாது. குஞ்சிதபாதத்தின் மனைவி அம்சம் மட்டும், தன் வீட்டில் ஆளுக்கொரு கட்சியாக வேண்டும் என்றாள்.

“எப்பிடியும் நாங்க தெனம் சண்டதாண்ணே போடுறோம். அது வீணாப் போவானேன்?”

வேலை சுறுசுறுப்பாக நடந்தது. வாரத்துக்குள் தெருவில் கொடிக்கம்பம் நடப் பழைய கட்சியின் கிளைச் செயலாளர் உலகநாதன் பத்துப் பேரோடு வந்தார். அன்று காலை அம்சம் பனங்கட்டை மேல் உட்கார்ந்துதான் நாலு விரால் மீனை ஆய்ந்து கழுவியிருந்தாள். ஏன் கட்டை மேல் என்று யாரும் கேட்கவில்லை. உலகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று அடி நடந்தார். நாலாவது அடி வாய்க்காலில் விழுந்தது. அம்சம் கரையில் நின்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

“அண்ணன் எங்க கட்சிக்கு வரலன்னாலும் பரவால்ல, கரைக்காவது வந்து சேரட்டும்.”

பொழுது சாய்வதற்குள் செய்தி புதுக்கட்சிக்குப் போயிற்று. துரைராசு தன் கட்சிக்காரர்கள் நனையாமல் நடக்கத் தாமே பாலம் கட்டித் தருவதாக அறிவித்தார். கார்த்திகை பிறந்ததும் ரோட்டுக் கரையில் இரண்டு லாரி செங்கல்லும் பன்னிரண்டு கருங்கல் பலகையும் இறங்கின. உலகநாதன் விடுவாரா? முப்பது மூட்டை சிமெண்டும் மணலும் கொண்டுவந்தார். மணல் வெளியே கிடந்தது. சிமெண்ட் மழையில் நனையாமலிருக்கக் குஞ்சிதபாதத்தின் வீட்டில் அடுக்கப்பட்டது. அவரைக் கிளைப் பொருளாளராகவும் ஆக்கினார்கள்.

இங்கேதான் மருதையன் எதிர்பாராத முடிச்சு விழுந்தது. எங்கள் செங்கல்லில் அவர்கள் சிமெண்ட் படக்கூடாது என்றார் துரைராசு. எங்கள் சிமெண்டை அவர்கள் செங்கல்லில் பூசினால் கை இருக்காது என்றார் உலகநாதன். பாலத்துக்கு வேண்டிய எல்லாம் வந்துவிட்டது. பாலம் மட்டும் வரவில்லை. மார்கழிப் பனியில் சிமெண்ட் இறுகத் தொடங்கினால் எல்லாம் கல்லாகிவிடும்.

தெருக்காரர்கள் முறைப்படி அமாவாசைக்கு மாறிக்கொண்டார்கள். செங்கல்லைக் காத்தவர்கள் மணலைக் காக்க வந்தார்கள், மணலைக் காத்தவர்கள் செங்கல்லுக்குப் போனார்கள். குஞ்சிதபாதம் மட்டும் மாறமாட்டேன் என்றார். கட்சிக் கரை போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு சிமெண்ட் மூட்டைகளின் மேலேயே படுத்துக்கொண்டார். எதிரிக்கு ஒரு பிடிகூடத் தரமாட்டாராம். அம்சம் சோறு போடமாட்டேன் என்று மிரட்டிப் பார்த்தாள். கட்சிக்காகப் பட்டினி கிடந்த தலைவர்களின் பட்டியலை அவர் ஒப்பித்தார்.

மருதையன் போய் மூட்டைகளுக்கு எதிரே குந்தினார். ஆத்திரமாகத்தான் போயிருந்தார். குஞ்சிதபாதம் கூரையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார்.

“மேலத்தெருக் கூட்டத்துல எனக்கு நாற்காலி போட்டாங்க மச்சான். நீ நாற்காலியில உக்காந்திருக்கியா? முதுகுக்குப் பின்னாடி பலகை இருக்கு. சாஞ்சுக்கலாம்.”

பண்ணை வாசலில் நாற்பது வருஷம் நின்றபடியே பேசிய மனிதர் அவர். மருதையனும் அப்படித்தான். கொண்டுவந்திருந்த வசவுகளை மருதையன் விழுங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார்.

“மாப்ள, உன்னைய மாறச் சொல்லல. பாலம் கட்டுற வேலைக்கு உன் கட்சி சார்புல நீதான் தலைமை. கரையில நாற்காலி போடுறேன்.”

“மாலை?”

“உண்டு.”

“அம்சம் ஏதாவது சொல்லுவாளே.”

“அவ ரோட்டுக் கரையில புதுக்கட்சி சார்புல தலைமை. அவளுக்கும் நாற்காலி.”

குஞ்சிதபாதம் மூட்டை மேல் புரண்டு யோசித்தார்.

“என் நாற்காலி கொஞ்சம் உசரமா இருக்கட்டும்.”

மார்கழி நடுவில் பழைய கட்சிக்குத் தஞ்சாவூரிலும் புதுக்கட்சிக்குக் கும்பகோணத்திலும் போட்டி மாநாடு, இரண்டும் அதே மூன்று நாளில். உலகநாதனும் துரைராசும் ஆட்களோடு கிளம்பிப் போனார்கள். பயிருக்குப் பாய்ச்சலோடு கொஞ்சம் காய்ச்சலும் வேண்டும் என்று பண்ணையில் சொல்லி, மருதையன் மேல்மடையில் தண்ணீரைக் கட்டினார். அரைநாளில் வாய்க்கால் வற்றியது. கொத்தனார் ஹபீப் முகம்மது அடிமட்டம் பார்க்க இறங்கினார்.

அகலம் எவ்வளவு என்று கேட்டார். மருதையன் வீட்டுக்குப் போய்த் தன் கயிற்றுக் கட்டிலைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். சேற்றில் அதைப் போட்டு, இந்தப் பக்கம் இருவர் அந்தப் பக்கம் இருவர் என நாலு பேரை நிறுத்தினார். ஹபீப் முகம்மது அந்த நாலு பேரின் வெளித்தோளுக்கு நூல் பிடித்து அளந்துகொண்டார்.

மூன்று நாளும் தெருவில் அடுப்பு ஒன்றுதான். ஆண்கள் கல் சுமந்தார்கள், பெண்கள் கலவை சுமந்தார்கள். எதிரெதிர்க் கரைகளில் மாலையோடு உட்கார்ந்திருந்த கணவனும் மனைவியும் இது யார் பாலம் என்று விடாமல் சண்டை போட்டார்கள். செங்கல் சரிந்தால் உன் கட்சி போல என்பார் அவர். கலவை இளகினால் உன் கட்சி போல என்பாள் அவள். வேலை செய்தவர்களுக்குக் களைப்பே தெரியவில்லை. இரு கரைச் சுவரும் நடுத்தூணும் எழும்பின. மேலே பலகைக் கற்கள் உட்கார்ந்தன. தண்ணீர் வரும் மேல்புறத்தில் மட்டும் கைப்பிடிச் சுவரும் வந்தது. அதோடு செங்கல் தீர்ந்தது.

திரும்பி வந்த இரண்டு செயலாளர்களையும் மருதையன் தனித்தனியாக வேப்பமரத்துக்குப் பின்னால் அழைத்துப்போனார். உங்கள் கட்சிப் பாலம் என்று இருவரிடமும் சொன்னார். இருவரும் நம்பினார்கள். ஒரே வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறப்பு விழா வைத்தார்கள். ரோட்டுக் கரையில் புதுக்கட்சி நாடா, தெருக் கரையில் பழைய கட்சி நாடா. தலைவர்கள் வந்து வெட்டும்வரை ஒரு ஈ கூட நடக்கக் கூடாது என்று உத்தரவு. விழா நல்லபடி நடந்தால் தெருவுக்கு விளக்குக் கம்பம் தருவதாக இரு பக்கமும் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

தை மாதத்து அந்த வெள்ளிக்கிழமையைத்தான் கண்ணாத்தாளும் நல்ல நாள் பார்த்து வைத்திருந்தாள். வளையல் போட்டு முடித்து, பாலத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெண்ணை விடுவேன் என்று கூடவே வந்துவிட்டாள். வண்டி ரோட்டுக் கரையில் நின்றபோது மணி பத்தே கால். பத்தரைக்கு ராகுகாலம். ஒன்பது மணிக்கு வரவேண்டிய தலைவர்களைக் காணோம். செயலாளர்கள் இருவரும் அவர்களை எதிர்கொள்ள மெயின்ரோட்டுக்குப் போயிருந்தார்கள்.

கண்ணாத்தாள் பாலத்தைப் பார்த்தாள். காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“கெட்டியாத்தான் கட்டியிருக்கீங்க சம்பந்தி. யாரும் நடக்கக் கூடாதுன்னு நாடாவையும் கட்டி வச்சிருக்கீங்களே. வண்டியைத் திருப்பவா?”

எத்தனையோ பேரை வேப்பமரத்துக்குப் பின்னால் அழைத்துப் போன மருதையனுக்கு அன்று அழைத்துப்போக ஆள் இல்லை. நாடாவை அறுத்தால் விளக்குக் கம்பம் போகும், தெருவின் குட்டு வெளிப்படும். அறுக்காவிட்டால் மகள் போவாள்.

அம்சம் வந்தாள். ரோட்டுக் கரை நாடாவின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். செவ்வந்தி கண்ணாடி வளையல் குலுங்க நடுப்பாலம் வரை வந்து நின்றாள். எதிர் முனையில், கரை வேட்டியும் கையில் கம்புமாகக் குஞ்சிதபாதம் நாடாவுக்குக் காவல் நின்றிருந்தார். ஒரு பிடி சிமெண்ட் தராதவர். அவரைப் பார்த்ததும் அவள் நாடாவுக்கடியில் நுழையத் தலையைத் தாழ்த்தினாள்.

“குனியாத தாயி. வயித்துப் புள்ளக்காரி குனியக் கூடாது.”

கம்பைக் கீழே போட்டுவிட்டு அவர் முடிச்சை அவிழ்த்தார். அவள் கடந்ததும் முன்பைவிட அழகாகக் கட்டினார். பின்னால் வந்த கண்ணாத்தாளை மறித்தார்.

“நீங்க எந்தக் கட்சிம்மா?”

“நான் கும்பகோணம்.”

இரண்டாம் தடவையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியதாயிற்று. தலைவர்கள் ஒரு மணிக்கு வந்தார்கள். இந்தப் பாலத்தில் முதல் அடி வைக்கும் பேறு தமக்குக் கிடைத்தது என்று இருவருமே பேசினார்கள். தோப்படித் தெரு கை வலிக்கக் கைதட்டியது. கம்பங்கள் இரண்டு வந்தன; இருபதடி இடைவெளியில் இன்றும் இரண்டும் எரிகின்றன.

பங்குனி கடைசியில் ஒரு நண்பகல் செவ்வந்திக்கு வலி கண்டது. நாலு பேர் கட்டிலைத் தூக்கி, தோளோடு தோள் சேர்ந்து ஓட்டமும் நடையுமாகப் பாலத்தைக் கடந்தார்கள். மருதையன் கட்டிலைத் தொடவில்லை, பின்னாலேயே போனார். பாலத்தின் முடிவில் நின்று, ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகு ஓடினார். பெண் குழந்தை. எல்லையம்மாள் என்றே பெயர் வைத்தார்கள்.

கீழ்ப்புறத்துக் கைப்பிடிச் சுவரைக் கட்டித் தர இரண்டு கட்சியும் எத்தனையோ முறை முன்வந்தன. யார் கட்டினாலும் பாலம் அவர்களுடையதாகிவிடும் என்று மருதையன் இடம் கொடுக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தாமே மூங்கில் வெட்டி, பூச்சி அரிக்காமலிருக்க வாய்க்காலில் ஊறவைத்து எடுத்துக் கட்டுவார். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் புரட்டாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷத்துக்காக அவர் வெட்டி ஊறப்போட்ட இரண்டு மூங்கிலும் பாலத்துக்குக் கீழே தண்ணீரில்தான் கிடக்கின்றன.