தேதி முடியாத டப்பாக்கள்

அந்த ராணுவ மருத்துவமனையின் மருந்து ஸ்டோரைப் பதினேழு வருடமாக அவர்தான் பார்த்துவந்தார். அதனால் எல்லாருக்கும் அவர் 'ஸ்டோர்'தான். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அக்கா கணவர்கூட, மாதாமாதம் இன்சுலின் வாங்க வரும்போது, "என்ன ஸ்டோர், இன்னும் உயிரோட இருக்கியா?" என்றுதான் கவுண்டருக்குள் தலையை நீட்டுவார்.

அந்தக் கோடையில் ஸ்டோரின் ஏசி படுத்துவிட்டது. சரிசெய்ய ஆள் வர ஒன்பது நாள் ஆனது. தகரக் கூரைக்குக் கீழே, சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாக்கள் அத்தனையும் வெந்து கிடந்தன. மனசு கேட்காமல் ஒன்றைப் பிரித்து, ஒரு ஸ்ட்ரிப்பை சுகர் மெஷினில் செருகி, சரிபார்ப்பதற்கென்று இருக்கும் திரவத்தை அதில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். நூற்றிருபது காட்ட வேண்டிய இடத்தில் இருநூற்றுப் பத்து காட்டியது. இன்னும் நான்கு டப்பா பிரித்தார். எல்லாம் அதே லட்சணம்.

கடிதம் எழுதி எடுத்துப்போய் அதிகாரியின் மேஜையில் வைத்தார்.

"தேதி முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கே," என்றார் அதிகாரி.

"தேதி இருக்கு சார். ஆனா தப்பாக் காட்டுது."

"புதுசு வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் எல்லாரையும் வெறுங்கையோட அனுப்பவா? குடுங்க, பாத்துக்கலாம்."

கொடுத்தார். ஏசி ஓடிய வார்டில் வெயிலுக்குத் தப்பியிருந்த இரண்டு நல்ல டப்பாக்களை மட்டும் கேட்டு வாங்கி, அத்தானுக்கென்று இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அத்தானுக்கோ அது பிடிக்கவில்லை. "எனக்கு மட்டும் என்ன தனியா? சொந்தக்காரன்னு பேச்சு வரும். எல்லாருக்கும் குடுக்கிறதையே குடு."

"இல்ல அத்தான், இதை வச்சுக்கங்க."

"ஏன், அதுல என்ன?"

பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். சாயங்காலம் சரக்கு வந்து இறங்கியது. மறுநாளும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை மெஷின் முந்நூறைத் தாண்டிக் காட்ட, அத்தான் இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது, நாக்கு குழறியது. அக்கா அவர் விரலில் குத்திப் பார்த்தாள். நூற்றைம்பது என்றது மெஷின். அதை நம்பி, ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருந்துவிட்டாள். நினைவு தப்பிய பிறகுதான் ஆம்புலன்சுக்குச் சொன்னாள். நான்கு நாள் கிடந்து அத்தான் போய்ச் சேர்ந்தார்.

விசாரணை நடந்தது. ஸ்டோர்காரர் எழுதிய கடிதம் கோப்பில் இல்லை. டப்பாவில் தேதி இருக்கிறது, ஆகவே யார்மேலும் குற்றமில்லை என்று முடித்தார்கள்.

அவர் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு தம்பியோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்ட்ரிப் வாங்கிப்போனவர்களின் விலாசங்களை எழுதிக்கொண்டு, லீவு போட்டுவிட்டு, அவர் வீடு வீடாகப் போய் டப்பாக்களைத் திருப்பி வாங்கினார். அந்த இரண்டு நல்ல டப்பாவும் முதல் இரண்டு வீட்டோடு தீர்ந்தன. மூன்றாவது வீட்டில், கண் மங்கிய பழைய சுபேதார் ஒருவர் டப்பாவை நீட்டிவிட்டு, மாற்று டப்பாவுக்காகக் கையை மடக்காமலே வைத்திருந்தார்.

"வேற இல்லீங்க," என்றார் ஸ்டோர்காரர்.

"அப்ப நான் எதைப் பாத்துத் தம்பி ஊசி போட்டுக்கறது?"

ஸ்டோர்காரர் அந்த டப்பாவையும் பைக்குள் போட்டார். பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.