மீட்டர் போர்டில் வெளிச்சம் பத்தலை

என் வீட்டுக்காரருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. திரும்பி வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதாவது நல்லது நடக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் மேலே படிக்க வேண்டாம்.

அவர் வைத்திருந்தது ஒரு வெள்ளை அம்பாசிடர். சொந்த வண்டி. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் எங்கள் வீடு. வாசலில் பாதியை அந்தக் கார்தான் அடைத்துக்கொண்டு நிற்கும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவோம். விடுவோம் என்றால் வண்டியோடு அவரும் போவார். வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். இப்போது பழைய காருக்குத்தான் மவுசு. மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்கிறார்கள். அதைவிட ஜாஸ்தியாகப் போட்டோ எடுக்கக் கேட்கிறார்கள். பிச்சாவரம் வரைக்கும் வண்டி போகும். பெண்ணும் பையனும் பானெட்டில் சாய்ந்துகொண்டு எங்கேயோ பார்ப்பார்கள். எங்கள் வண்டி எத்தனையோ பேர் வீட்டுச் சுவரில் ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது.

அவருக்கு வேறு வேலை தெரியாது. மீசை முளைத்த நாளிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவர். வண்டி ஓட்டாத நாளில் வீட்டுக்குள் எங்கே உட்கார்வது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால்தான் கண் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. எல்லாக் குற்றமும் வண்டி மேல்தான். முதலில் ஹெட்லைட் சரியில்லை என்றார், மாற்றினார். பிறகு முன்கண்ணாடி மங்கிவிட்டது என்றார், அதையும் மாற்றினார். அப்புறம் வந்தது மீட்டர் போர்டு.

அது தை மாதம். பிச்சாவரத்தில் ஒரு போட்டோ வேலை. பெண்ணுக்குப் புடவை மாற்றிவிட ஒரு பொம்பளை வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார். வேலை முடிந்து கிள்ளையிலிருந்து சிதம்பரம் வருகிற ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது, ஆனால் முழு இருட்டு இல்லை. ரோட்டில் பாதிக்குக் காயவைத்த நெல்லைக் குவித்து, கறுப்புத் தார்ப்பாய் போட்டு, சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். அறுப்பு சமயத்தில் அந்தப் பக்கம் எல்லா ரோடும் களம்தான். எனக்கு அது தூரத்திலேயே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று பேசாமல் இருந்தேன். வண்டி ஒதுங்கவில்லை. நான் கத்தினேன். கல்லில் ஏறி, நெல்லில் இறங்கி, தார்ப்பாயை இழுத்துக்கொண்டு போய் நின்றது.

நெல்லுக்காரர் ஓடிவந்தார்.

"யோவ், கண்ணு தெரியல?"

"மீட்டர்ல வெளிச்சமே இல்லப்பா. இன்னா ஸ்பீடுல போறேன்னே தெரியல" என்றார் இவர்.

"நெல்ல ரோட்டுல கொட்டி வெச்சிருக்கேன்யா. உன் மீட்டர்லயா கொட்டி வெச்சிருக்கேன்?"

சிதறிய நெல்லை நானும் அந்த ஆளுமாகக் கூட்டி அள்ளினோம். இவர் வண்டிக்குள் தலையை விட்டு மீட்டர் கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த விளக்குமாற்றாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

மறுநாள் காலையிலேயே சிதம்பரத்தில் என் தம்பி கடைக்கு வண்டியை விட்டார். என் தம்பி கார் எலக்ட்ரீஷியன். பைபாஸ் பக்கம் கடை வைத்திருக்கிறான். என்னையும் கூட வரச் சொன்னார். அந்த நெல்லுக்குப் பிறகு, காரணம் சொல்லாமலே, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

"மச்சான், மீட்டர் போர்டு பல்பு எல்லாத்தையும் தூக்கிட்டு எல்இடி போட்டுடு. பத்தல."

தம்பி சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். "நல்லாத்தான எரியுது மாமா. இந்த வண்டிக்கு இந்த மஞ்ச லைட்டுதான் அழகே. போட்டோ எடுக்கறவன் அதுக்குத்தான வரான்."

"போட்டோக்காரனா ஓட்றான்? நான் ஓட்றேன்."

"உள்ள வெளிச்சம் ஜாஸ்தியானா வெளிய ரோடு தெரியாது மாமா."

"நீ பல்பப் போடுடா. பாடம் எடுக்காத."

தம்பி வண்டிக்குள் தலைகீழாகப் படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, ஒவ்வொரு பல்பாகப் பிடுங்கி என் கையில் கொடுத்தான். சுண்டைக்காய் அளவு கண்ணாடிப் பல்புகள். வெந்து கறுத்துப்போயிருந்தன. அந்த இடத்தில் எல்இடியைச் செருகினான். எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டாம். திருப்பிச் செருகினால் எரியாது. ஒன்று எரியும், ஒன்று எரியாது, பிடுங்கித் திருப்பிப் போடுவான். இண்டிகேட்டருக்கு எங்கள் வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பச்சை விளக்குதான். அதில் எல்இடி போட்டால் இடது பக்கம் போடும்போது மினுக்குகிறது, வலது பக்கம் போட்டால் செத்துக் கிடக்கிறது. அதற்கு மட்டும் பழைய பல்பையே திரும்பப் போட்டான்.

கடைசியாக ஒரு சிவப்பு விளக்கு. பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்றால் எரிகிற விளக்கு.

"இத மாத்த வேணாம் மாமா. இந்த பல்பு வழியாப் போற கரண்ட்டுதான் ஆல்டர்னேட்டர எழுப்பிவிடும். எல்இடி அவ்ளோ கரண்ட்டு உடாது. பேட்டரிக்கு சார்ஜே ஏறாது."

"எல்லாம் பளிச்சினு இருக்கறப்ப இது மட்டும் இன்னா கண்றாவியா? அதையும் மாத்து."

"மாமா, சொன்னாக் கேளு."

"மாத்துடான்னா."

மாற்றிவிட்டான். இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. தப்பு என்று தெரிந்தே செய்தான். மாமா சொல்லிவிட்டாராம். எங்கள் ஜனத்தில் அக்கா புருஷனை எதிர்த்து ஒரு அளவுக்கு மேல் பேசமாட்டார்கள். கிண்டல் செய்யலாம், கடன் கேட்கலாம், கறிச்சோற்றில் சண்டை போடலாம். ஆனால் நீ சொல்வது தப்பு என்று முகத்துக்கு நேரே நிற்கக் கூடாது. மரியாதையாம். அந்த மரியாதையை வைத்து என்ன செய்வது?

ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் சுவிட்சைப் போட்டான். மீட்டர் போர்டு ஆஸ்பத்திரி மாதிரி வெளுத்தது. எனக்குக் கண் கூசியது.

"பகலாட்டம் இருக்கா மாமா?"

இவர் ஸ்டியரிங்குக்கு மேல் குனிந்து, மூக்கு கண்ணாடியில் முட்டுகிற மாதிரி பார்த்தார். "பரவால்ல. இப்பக் கொஞ்சம் தேவல" என்றார்.

கொஞ்சமாம். அந்த வெளிச்சத்தில் நான் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். என் வேலை அப்படி. அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக் கம்பெனியில் பருப்பைத் தரம் பிரிக்கிறேன். முழுசு, உடைசல், லேசாகக் கருகினது என்று ட்யூப் லைட்டுக்குக் கீழே நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துத் தள்ளுகிற வேலை. எது நல்ல வெளிச்சம், எது மங்கல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பிடுங்கிய பல்புகளை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அடுத்த முகூர்த்தத்துக்குச் சிதம்பரத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. நான் போகவில்லை. நடந்ததைத் தம்பிதான் சொன்னான். கீழவீதியில் பேண்டு வாத்தியம் முன்னால் போக, வண்டி பின்னால் ஊர்ந்திருக்கிறது. நட்டநடுவில் விளக்கு மங்கி, இஞ்சின் நின்றுபோனது. பேட்டரியில் சொட்டுக் கரண்ட் இல்லை. கோட்டு போட்ட மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்க, அவன் சிநேகிதர்கள் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறார்கள்.

"மச்சான் இப்பவே ஸ்டார்ட் ஆவலடா, நாளைக்கு எப்படிடா" என்று ஒருத்தன் கத்த, வீதியே சிரித்ததாம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. அபசகுனம் என்று இவரைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் நான் பஸ் பிடித்துத் தம்பி கடைக்குப் போனபோது வண்டியைக் கட்டி இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். இவர் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். தம்பி வேறு பேட்டரியைப் போட்டு வண்டியைக் கிளப்பினான். சிவப்பு எல்இடி பளிச்சென்று எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை. அவன் சொன்னதுதான் நடந்திருந்தது. அதைச் சொல்லிக் காட்டுவான் என்று நினைத்தேன். அவன் வேறு ஒன்றைக் கேட்டான்.

"மாமா, அன்னிலேர்ந்து இந்த செவப்பு லைட்டு எரிஞ்சிக்கிட்டேதான இருந்திருக்கும்? கடலூரு போறப்ப, வரப்ப, எல்லாம்?"

இவர் டயரில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

"எவ்ளோ பெரிய வெளிச்சம் மாமா. ஸ்டியரிங்குக்கு நேரா. அதப் பாக்கலியா நீ?"

"பாத்தேன். இன்னாமோன்னு உட்டுட்டேன்."

"எங்க இருக்கு அது? கையக் காட்டு."

அப்போதும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. இவர் எழுந்து வந்து, கதவுக்கு வெளியே நின்றபடி விரலை நீட்டினார். விரல் பெட்ரோல் முள் பக்கம் போனது. விளக்கு அங்கே இல்லை.

தம்பி இஞ்சினை அணைத்துவிட்டு டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டான். வரவே இல்லை. நான்தான் கேட்டேன்.

"எத்தினி நாளாங்க?"

"பகல்ல தெரியுதுடி" என்றார். பிறகு, "நேராப் பாத்தா தெரியுது" என்றார். அப்புறம், "ராத்திரியில பேண்டு சத்தம் வெச்சித்தான் போனேன்" என்றார்.

புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்னப் பெண். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது, முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை, கடைசியில் நடுப்பார்வை என்றது. மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை, கண்ணாடி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. "அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டது.

"எங்கம்மாவுக்கு எங்கப்பாவே தாய்மாமன்தான்" என்றார் இவர்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் சார்."

"எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தாம்மா கட்றாங்க. எல்லாரும் குருடாவா போயிட்டாங்க?"

அந்தப் பெண் சீட்டில் ஏதோ எழுதியது. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்னது. பகலிலும் கூடாது. பெங்களூரில் இருக்கிற எங்கள் பையனையும் கண்ணைக் காட்டச் சொன்னது. அவனிடம் சொன்னேன். பார்க்கலாம்மா என்றான். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

அப்புறம் வந்தார்கள் சொந்தக்காரர்கள். பொன்னாங்கண்ணிக் கீரை கொடு, ஆட்டு ஈரல் கொடு, முருங்கைக் கீரையை நெய்யில் வதக்கிக் கொடு. மாலைக்கண்தான், சரியாப் போயிடும் என்றார்கள். இவரும் நம்பினார். கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து நான் கீரை ஆய்ந்தேன். சரியாகாது என்று தெரிந்தும் ஆய்ந்தேன். சாப்பிட்டுவிட்டு வாசலில் போய் நின்று, எதிர்வீட்டு கேட் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிகிற நாளில் கீரை வேலை செய்கிறது என்பார். தெரியாத நாளில் மேகமூட்டம் என்பார்.

போன மாசம் வண்டியை விலை பேசினோம். வாங்க வந்தவர் புதுச்சேரிக்காரர். பழைய வண்டியாக வாங்கி ஷெட்டில் நிறுத்தி வைக்கிறவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவிட்சைப் போட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னா சார் இது, இவ்ளோ வெள்ளையா? கண்ணு கூசுதே. இத வெச்சிக்கிட்டு எப்படி சார் ஓட்னீங்க?"

"எனக்கு இதே கம்மிங்க" என்றார் இவர்.

அந்த ஆள் சிரித்தார். ஜோக் என்று நினைத்துக்கொண்டார். "ஒரிஜினல் பல்பு இருந்தா போட்டுக் குடுங்க. இல்லன்னா எனக்கு வேணாம்."

இருந்தது. ஊறுகாய் பாட்டிலில் போட்டுப் பரண் மேல் வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள். எதையும் தூக்கிப்போடுகிற வீடு இல்லை எங்களுடையது.

தம்பி சாயங்காலமாக வந்தான். வண்டியை எடுக்க மறுநாள் ஆள் வருவதாக ஏற்பாடு. இவர் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கவே இல்லை. தம்பி அவர் முழங்காலுக்கு இடையில் தலையை விட்டு எல்இடியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தான். நான் பாட்டிலிலிருந்து பழைய பல்பை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் போட்டு முடித்து, கையை மேலே நீட்டி சுவிட்சைப் போட்டான்.

எல்லாப் பல்பும் எரிந்தது. முட்டை மஞ்சள் கலரில், இதமாக. நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். ஸ்பீடு மீட்டரில் எல்லா எண்ணும் தெரிந்தது. பெட்ரோல் முள் தெரிந்தது. கண்ணாடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. இந்த வெளிச்சத்தைத்தான் பத்தலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை ஸ்டியரிங்கில் இருந்தது.

"இன்னா மச்சான், இன்னும் முடியலியா? எப்பப் போடுவ?"

தம்பி அடியிலிருந்து நகரவில்லை. "இதோ மாமா, ஒரு நிமிசம்" என்றான். மறுபடியும் மரியாதை.

"எரியுதுங்க" என்றேன் நான். "எல்லாம் எரியுது. போட்டு எவ்ளோ நேரமாச்சி."

அவர் தலையைத் திருப்பவில்லை.

"அப்ப அணைச்சிடுங்க. பேட்டரி எறங்கிடும்" என்றார்.

தம்பி கையை நீட்டவில்லை. எனக்கு எந்த சுவிட்ச் என்று தெரியாது. அவர்தான் கையைக் கொண்டுபோனார். தடவவில்லை, தேடவில்லை. நேராகப் போய்ப் பிடித்து அணைத்தார்.